வரப்புப் பனையும் ஜோடிப் பறவையும்

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் நின்றால் கிழக்கே சென்னைக்கும், மேற்கே காஞ்சிபுரத்துக்கும், தெற்கே வாலாஜாபாத்துக்கும், வடக்கே மப்பேடு வழியாகத் திருவள்ளூருக்கும் பாதை பிரிகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பாதைகளின் இருபுறமும் ஏரிப்பாசன வயல்களே இருந்தன. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பின்னர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள் பரவின. ஆயினும் விவசாயம் அடியோடு போய்விடவில்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் தவறாமல் நெல் பயிரிடும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரே வித்தியாசம், முன்பு ஒரே வெளியாகக் கிடந்த வயல் இன்று சுற்றுச்சுவர்களுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் இடையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

இந்தத் துண்டு வயல்களில் எலித்தொல்லை அதிகம் என்பது விவசாயிகளின் பொதுவான குறை. பயிர் செய்யாத மனைகளில் புதர் மண்டுகிறது. அங்கே வளை தோண்டிய எலி, பால் பிடிக்கும் தருணத்தில் பக்கத்து வயலுக்கு வருகிறது. எலியைத் தின்னும் கூகையும் ஆந்தையும் எங்கே போயின என்று கேட்டால், “அதெல்லாம் இருக்கிறது, ராத்திரியில் சத்தம் கேட்கிறது” என்ற பதிலே கிடைக்கும். சத்தம் கேட்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சத்தம் போடும் பறவைக்குத் துணை இருக்கிறதா, அந்த ஜோடி குஞ்சு பொரிக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை பறவையிடம் மட்டும் இல்லை. மரம், வரப்பு, நீர்நிலை, வெளிச்சம், சாலை ஆகியவை ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பதிலும் இருக்கிறது.

ஜோடியாக வாழ்வது ஏன்?

பறவை இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஓர் ஆண், ஒரு பெண் என்று ஜோடி சேர்ந்து கூடு நடத்துபவை. இதை டேவிட் லாக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1968-ஆம் ஆண்டு தொகுத்து எழுதினார். பாலூட்டிகளில் இப்படி வாழ்பவை மிகக் குறைவு. பறவைகள் மட்டும் ஏன் இப்படி? காரணம் எளியது. முட்டையைச் சூடு குறையாமல் காக்க ஒருவர் வேண்டும். இரை தேட இன்னொருவர் வேண்டும்.

கூகையை எடுத்துக்கொள்வோம். பெட்டை ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கிறது. அந்த நாட்களில் அது வேட்டைக்குப் போவதில்லை. சேவல்தான் இரவெல்லாம் எலி பிடித்து வந்து ஊட்டுகிறது. குஞ்சுகள் பொரித்த பிறகு பறக்க இன்னும் சுமார் இரண்டு மாதமாகிறது. ஆக முட்டையிட்டது முதல் குஞ்சு பறக்கும் வரை மூன்று மாதம். ஏறத்தாழ ஒரு குறுகிய கால நெற்பயிரின் வயது. இந்தக் காலம் முழுவதும் இருவரில் ஒருவர் தவறினாலும் குடும்பம் குலைந்துவிடும். புள்ளி ஆந்தை, பனங்காடை, கரிச்சான், மைனா, ஆள்காட்டி, கொக்கு ஆகியவையும் இவ்வாறே இருவர் உழைப்பில் குஞ்சு வளர்ப்பவைதான்.

ஆனால் ஜோடியாகக் கூடு நடத்துவது வேறு, பிறரோடு சேராதிருப்பது வேறு என்பது பின்னர் தெரியவந்தது. 1980-களில் மரபணுச் சோதனை வந்த பிறகு கூட்டிலுள்ள குஞ்சுகளின் தந்தை யார் என்று பார்க்க முடிந்தது. இத்தகைய ஆய்வுகளை 2002-ஆம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தபோது, ஜோடியாக வாழும் இனங்களில் சராசரியாக நூற்றுக்குப் பதினொரு குஞ்சுகள் அயல் சேவலுக்குப் பிறந்தவை என்று தெரிந்தது. இனத்துக்கு இனம் இது மாறுகிறது. கூகையிடம் இது மிக அரிது. சில சிறு குருவிகளிடம் மிக அதிகம். ஒரே இனத்திலும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்த இட வித்தியாசமே விவசாயிக்குப் பயன்படும் செய்தி.

இட அமைப்பு செய்யும் வேலை

இங்கிலாந்தில் டன்னாக் என்று ஒரு சிறு குருவி உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் 1980-களில் நிக் டேவிஸ் என்பவர் அதை ஆராய்ந்தார். இரை சிதறிக் கிடக்கும் இடத்தில் பெட்டை அகன்ற பரப்பில் மேய வேண்டியிருந்தது. அத்தனை பரப்பையும் ஒரே சேவலால் காக்க முடியவில்லை. இரண்டு சேவல்கள் ஒரு பெட்டையைப் பங்கிட்டன. அதே தோட்டத்தில் கூடுதல் தீனி வைத்தபோது பெட்டையின் மேய்ச்சல் பரப்பு சுருங்கியது. ஒரு சேவலே காவல் காக்க முடிந்தது. பறவையின் குணம் மாறவில்லை. தீனியின் அமைப்பு மாறியதும் குடும்பத்தின் அமைப்பு மாறிவிட்டது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. வட இந்திய நெல் வயல்களில் வாழும் சாரஸ் கொக்கு, ஆயுள் முழுதும் ஒரே துணையோடு வாழ்வதற்குப் பேர் போனது. நின்றால் ஆள் உயரம் இருக்கும் பறவை அது. கோபி சுந்தரும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகள் கவனித்து 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சில இடங்களில் இரண்டுக்குப் பதில் மூன்று சாரஸ்கள் சேர்ந்து ஓர் எல்லையைக் காப்பதைத் தெரிவித்தனர். மூன்றும் சேர்ந்தே குரல் கொடுக்கின்றன. இத்தகைய மூவர் குடும்பங்கள் அபூர்வம்தான். அவை பெரும்பாலும் நீர்நிலை குறைந்த, அல்லது ஜோடிகள் நெருக்கியடித்து வாழும், குஞ்சு வளர்க்கத் தோதில்லாத இடங்களில் காணப்பட்டன. இருவர் உழைப்பு போதாத இடத்தில் மூன்றாவது பறவையின் துணை தேவைப்படுகிறது என்பது அவர்கள் முடிவு.

இதற்கு நேர் எதிரான வழியில் போவது தூக்கணாங்குருவி. பம்பாய்க்கு அருகே கிஹிமில் சாலிம் அலி 1930-ஆம் ஆண்டு இதன் குடும்ப ரகசியத்தைக் கண்டறிந்தார். சேவல் பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுக் காத்திருக்கும். பெட்டை வந்து சோதித்து ஏற்றுக்கொண்டால் மீதியை முடித்துக்கொடுத்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கும். அடுத்த பெட்டையைத் தேடும். கிணற்றின் மேல் சாய்ந்த கிளையும், தனித்து நிற்கும் பனையும்தான் அதற்குப் பாதுகாப்பான இடங்கள். அவை எங்கும் பரவலாகக் கிடைப்பதில்லை. நல்ல இடம் ஓரிடத்தில் குவிந்திருந்தால், மோசமான இடத்தில் தனித் துணையாக இருப்பதைவிட நல்ல இடத்தில் இரண்டாவது துணையாக இருப்பது பெட்டைக்கு லாபம். கார்டன் ஓரியன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1969-ஆம் ஆண்டு விளக்கிய கணக்கு இது. நல்ல நிலம் சமமாகப் பரவியிருந்தால் ஜோடி வாழ்க்கை நிலைக்கும். ஏற்றத்தாழ்வு பெருகினால் குலையும்.

கூடுகள் நெருங்கினால் என்ன ஆகும்? உண்ணிக்கொக்கு இதற்கு விடை சொல்கிறது. மாட்டின் பின்னால் திரியும் இந்த வெள்ளைக் கொக்கை அறியாத விவசாயி இல்லை. இது மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். ஜப்பானில் 1981-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, பக்கத்துக் கூட்டுச் சேவல்கள் அடுத்த ஜோடியின் பெட்டையோடு சேர முயல்வதும், அதைத் தடுக்கச் சேவல் கூட்டை விட்டு அகலாமல் காவல் இருப்பதும் சாதாரணம் என்று காட்டியது. காவலுக்கு நிற்கும் நேரம் இரை தேடும் நேரத்தில் குறைகிறது. வேடந்தாங்கல் போன்ற இடங்களில் மரமும் நீரும் விரிந்து கிடப்பதால் பறவைகள் தமக்கு ஏற்ற இடைவெளியைத் தாமே தேடிக்கொள்கின்றன. அந்த ஏரியைச் சுற்றியுள்ள கிராமத்தார், பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று அறிந்து தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். 1798-ஆம் ஆண்டிலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு அந்தப் பாதுகாப்புரிமையை எழுதிக் கொடுத்தார்.

இரவு வெளிச்சம்

தொழிற்சாலைப் பகுதிக்கு மிகவும் பொருந்தும் ஆராய்ச்சி ஒன்று ஆஸ்திரியாவின் வியன்னா நகருக்கு அருகே நடந்தது. 2010-ஆம் ஆண்டு வெளிவந்தது. காட்டின் ஓரத்தில் தெருவிளக்கு வெளிச்சம் படும் இடத்தில் கூடு கட்டிய நீலச் சிட்டுகளை, வெளிச்சம் படாத இடத்தில் வாழ்பவற்றோடு ஒப்பிட்டார்கள். விளக்கருகே இருந்த சேவல்கள் விடியலுக்கு வெகு முன்பே பாடத் தொடங்கின. பெட்டைகள் ஒன்றரை நாள் முன்னதாக முட்டையிட்டன. மேலும், விளக்கருகே இருந்த சேவல்களுக்கு அயல் துணை கிடைப்பது இரண்டு மடங்காக இருந்தது. முதிர்ந்த, வலுவான சேவலே முந்திப் பாடும் என்பது பெட்டையின் இயற்கையான கணிப்பு. விளக்கு அந்தக் கணிப்பைப் பொய்யாக்கிவிடுகிறது.

சுங்குவார்சத்திரம் முதல் ஒரகடம் வரை இரவு ஷிப்டு நடக்கும் தொழிற்சாலைகளின் வெளிச்சம் சுற்றுச்சுவரோடு நிற்பதில்லை. அடுத்திருக்கும் ஏரிக்கரையிலும் வயலிலும் விழுகிறது. அங்குள்ள நம் பறவைகளிடம் அதே விளைவு அதே அளவில் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வெளிச்சமும் பறவையின் குடும்ப வாழ்க்கையில் தலையிடும் ஒரு காரணி என்பதை ஒதுக்கவும் முடியாது.

இருக்கை வேறு, குடியிருப்பு வேறு

எலியையும் பூச்சியையும் கட்டுப்படுத்த வயலில் பறவை இருக்கைகள் அமைக்க வேண்டும் என்பது பழைய சிபாரிசு. எக்டேருக்கு 40 முதல் 50 வரை ‘டி’ வடிவக் குச்சிகளையோ, தென்னை மட்டைகளையோ நடச் சொல்வது வழக்கம். இது நல்ல சிபாரிசு, செலவும் இல்லை. பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் அதில் அமர்ந்து வேட்டையாடும். ஆனால் இருக்கை என்பது பஸ் நிறுத்தம் போன்றது. அதில் குடும்பம் நடத்த முடியாது. வந்து அமரும் பறவை எங்கோ ஒரு பொந்தில் குடியிருந்தால்தான் நாளைக்கும் வரும். அடுத்த தலைமுறையும் வரும்.

அந்தப் பொந்து எங்கே இருந்தது? பெரும்பாலும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நின்ற பழைய மரங்களில். தலை ஒடிந்த மொட்டைப் பனையின் உச்சியில் பனங்காடை குஞ்சு பொரிக்கும். ஆலும் அரசும் புளியும் முதிர்ந்து உள்ளே பொந்து விழுந்தால் புள்ளி ஆந்தை குடியேறும். கூகைக்கு இன்னும் பெரிய பொந்தோ, பாழடைந்த கட்டிடமோ, கோயில் கோபுர மாடமோ வேண்டும். இவற்றில் எதற்கும் தானாகப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுச் சென்றதும், மரம் உளுத்து உண்டானதும்தான் இவற்றின் சொத்து.

மனை போடுவதற்கு முதலில் வெட்டப்படுவது இந்த மரங்களே. மொட்டைப் பனை யாருக்கும் உதவாது என்பதால் அதை வெட்ட யாரும் தயங்குவதில்லை. பொந்துகள் குறையும்போது இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, இடமில்லாத பறவைகள் துணையின்றித் திரிகின்றன. இவை பொந்துள்ள ஜோடியை ஓயாமல் தொல்லைப்படுத்தும். கிளியும் மைனாவும் அதே பொந்துக்குப் போட்டியிடும். இரண்டாவது, பொந்து ஒரு பக்கமும் வேட்டை நிலம் வெகு தூரத்திலுமாகப் பிரிந்துவிடுகின்றன. கூகைச் சேவல் நான்கு சுற்று இரை கொண்டுவர வேண்டிய இரவில் இரண்டு சுற்றுதான் வர முடியும். பசித்த பெட்டை அடையை விட்டு எழுந்தால் முட்டை கெடும். குஞ்சு வளர்ப்பில் தோற்ற ஜோடி பிரிவதும் கூகையிடம் காணப்பட்டுள்ளது.

இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு. வளர்ந்த பறவை சில ஆண்டுகள் வாழும். குஞ்சே பொரிக்காவிட்டாலும் அது கண்ணில் படும், குரல் கொடுக்கும். ஊரார் ‘இருக்கிறது’ என்றே நினைப்பார்கள். ஒரு நாள் அந்த முதிய பறவை போனதும் திடீரென்று மறைந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வீழ்ச்சி. வயது முதிர்ந்தவர்கள் மட்டுமே மிஞ்சிய வீட்டைப் போன்றது அது. அங்கே விளக்கெரியும், தொட்டில் ஆடாது.

பெட்டி வைத்தால் தீருமா?

பொந்து இல்லாத இடத்தில் மரப்பெட்டி வைப்பது உலகெங்கும் நடக்கும் முறை. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைப் பெட்டிகள் பெருமளவில் வைக்கப்பட்டன. 5 முதல் 10 எக்டேருக்கு ஒரு பெட்டி என்ற கணக்கு அங்கே பின்பற்றப்படுகிறது. தொழிற்சாலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் செய்யக்கூடிய எளிய காரியமாகவும் இது தோன்றும். ஆனால் பெட்டியின் எண்ணிக்கையைவிட அதன் இடமே முக்கியம் என்பதை மூன்று அனுபவங்கள் காட்டுகின்றன.

அமெரிக்காவில் மர வாத்துகளுக்காகப் பெட்டிகளைத் திறந்த இடத்தில் கூட்டமாக வைத்தார்கள். ஒரு வாத்து எங்கே நுழைகிறது என்பதை மற்ற வாத்துகள் எளிதில் பார்த்தன. பல வாத்துகள் ஒரே பெட்டியில் முட்டையிட்டன. அடைகாக்க முடியாத அளவுக்கு முட்டை குவிந்து, பொரிக்கும் விகிதம் குறைந்தது. பெட்டிகளைத் தனித்தனியாக, மறைவாக வைத்த இடங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஷெர்மன், செமல் ஆகியோர் 1980-களில் இதை எடுத்துக்காட்டினர்.

ஐரோப்பாவில் ஈப்பிடிப்பான் குருவி ஒன்று, ஒரு பொந்தில் துணையை அடைகாக்க வைத்துவிட்டு, சில நூறு மீட்டர் தள்ளி வேறொரு பொந்தைப் பிடித்து இரண்டாவது பெட்டையை அழைக்கும். இரண்டாவது பெட்டைக்குச் சேவலின் உதவி சரியாகக் கிடைப்பதில்லை. அதன் குஞ்சுகள் குறைவாகவே பிழைக்கின்றன. பெட்டி எங்கெங்கே தொங்குகிறது என்பதே அங்கே குடும்பக் கணக்கை மாற்றுகிறது.

மூன்றாவது, சாலை. கூகை தாழப் பறந்து வேட்டையாடும் பறவை. வேகமாக வரும் வண்டியில் அடிபடுவது அதிகம். இங்கிலாந்தில் கூகைப் பாதுகாப்பில் ஈடுபட்டோர், பெரும் நெடுஞ்சாலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெட்டி வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்துகின்றனர். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்சாலை வளாகத்தில், எல்லோரும் பார்க்கும்படி வரிசையாகப் பத்துப் பெட்டிகளைத் தொங்கவிடுவது பறவைக்கு நன்மை செய்வதாகாது. படம் எடுக்க உதவும். துணையை இழந்த பறவை மீண்டும் துணை தேட வேண்டும், பருவமே வீணாகிவிடும்.

விவசாயிகள் எழுப்பும் நியாயமான ஆட்சேபங்கள்

பொந்துள்ள மரத்தில் கிளியும் தங்கும், அது கதிரைத் தின்னும் என்பார்கள். உண்மை. பெட்டிகளை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்துச் சுத்தம் செய்வது அவசியம். வரப்பு மரத்தின் நிழலால் மகசூல் குறையும் என்பார்கள். அகன்று படரும் மரத்துக்கு இது பொருந்தும். பனைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மொட்டைப் பனைக்கு நிழலே கிடையாது.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. எலி வளை தோண்டாதிருக்க வரப்பைச் சிறிதாகவும் புல் இன்றியும் வைக்க வேண்டும் என்று விவசாயத் துறையே சொல்கிறது. பறவைக்காக வரப்பைக் காப்பாற்று என்றும் சொன்னால் எதைக் கேட்பது? இரண்டும் முரணல்ல. வயலுக்குள் ஓடும் உள்வரப்பு சிறிதாகவே இருக்கட்டும். பனையும் பொந்து மரமும் நிற்க வேண்டிய இடம் எல்லை வரப்பு, வாய்க்கால் கரை, ஏரிக்கரை, களத்துமேடு. இந்த வெளிக்கோட்டில் ஆங்காங்கே மரம் நின்றால், எந்த வயலும் ஏதேனும் ஒரு ஜோடியின் வேட்டைக்கு எட்டிய தூரத்தில் அமையும். நம் முன்னோர் எல்லையில் பனை வைத்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். விளைந்த பலன் இதுதான்.

கூகை வந்துவிட்டால் எலியே இராது என்று நம்புவதும் தவறு. ஒரு கூகை ஓர் இரவில் சராசரியாக ஒன்று முதல் மூன்று எலி வரை தின்னும். குஞ்சுள்ள ஜோடி இன்னும் அதிகம் பிடிக்கும். எலி மிதமாக உள்ள நிலையில் அது பெருகாமல் தடுப்பதே இதன் வேலை. பெருகிவிட்ட எலியை வளை வெட்டியும் கிட்டி வைத்தும்தான் பிடிக்க வேண்டும். இதில் கைதேர்ந்த இருளர் குடும்பங்கள் இந்த வட்டாரத்திலேயே உள்ளனர். அவர்களுக்குக் கூலி கொடுத்து அழைப்பது விஷத்தைவிட மேல். குறிப்பாக புரோமோடயலோன் போன்ற, இரத்தம் உறையாமல் செய்யும் விஷத் தீனியைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அந்த எலியைக் கூகை எளிதில் பிடிக்கும். விஷம் கூகைக்கும் சேரும். ஒரு கையால் பெட்டி வைத்து மறு கையால் விஷம் வைப்பது வீண் செலவு.

இனிக் கூகையைச் ‘சாவுக்குருவி’ என்று கல்லெறியும் வழக்கம். அது வந்ததால் யாரும் சாவதில்லை, எலியைத் தவிர. இதை வீட்டுப் பெரியவர்கள் சொன்னால்தான் பிள்ளைகள் கேட்பார்கள்.

செய்ய வேண்டியவை

விவசாயிகள் முதலில் தங்கள் ஊரில் பொந்துள்ள மரங்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். எந்தப் பொந்தில் பறவை தங்குகிறது என்று மரத்தடியில் கிடக்கும் கக்கல் உருண்டையையும் எச்சத்தையும் பார்த்தே சொல்லிவிடலாம். எலியின் எலும்பும் மயிரும் அந்த உருண்டையில் இருக்கும். மொட்டைப் பனைகளை, ஆள் நடமாட்டத்துக்கு ஆபத்தில்லாத இடத்தில், விழும் வரை நிற்க விட வேண்டும். பெட்டி வைப்பதானால் ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து சுமார் 25 ஏக்கருக்கு ஒன்று என்று, வயல் நடுவிலோ ஏரிக்கரையிலோ, நெடுஞ்சாலைக்கும் பெரிய விளக்குகளுக்கும் தொலைவில் வைப்பது நல்லது. நுழைவாயிலுக்கும் பெட்டியின் அடித்தளத்துக்கும் இடையே 45 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் குஞ்சு தவறி விழாது.

தொழிற்சாலைகள் வேலி ஓரத்து விளக்குகளுக்கு மறைப்பு வைத்து, வெளிச்சம் தங்கள் வளாகத்துக்குள் மட்டும் விழும்படி செய்யலாம். இதற்குப் பெரிய செலவில்லை. வளாகத்துக்குள் அகப்பட்ட பழைய மரங்களை வெட்டிவிட்டு ஆயிரம் கன்று நடுவதைவிட, அந்தப் பழைய மரத்தை விட்டுவைப்பது மேல். இன்று நட்ட கன்றில் பொந்து விழ ஒரு தலைமுறையாகும்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. காய்க்கும் பனையைக் காக்க எழுந்த அந்த எண்ணம், காய்க்காத மொட்டைப் பனைக்கும் நீள வேண்டும். தொழிற்பேட்டைக்கோ, 2022-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையம் போன்ற பெருந்திட்டத்துக்கோ நிலம் எடுக்கும்போது, எத்தனை ஏக்கர் எடுக்கப்படுகிறது என்ற கணக்கு மட்டும் போதாது. எடுத்தது போக மிஞ்சும் வயல் எந்த வடிவத்தில் மிஞ்சுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். நூறு ஏக்கர் ஒரே வெளியாக, கரையும் மரமும் நீரும் சேர்ந்து மிஞ்சினால் அங்கே பல ஜோடிகள் பிழைக்கும். அதே நூறு ஏக்கர் இருபது துண்டாக, சுவர்களுக்கு நடுவே மிஞ்சினால் பறவைக்கு அது நிலமே அல்ல. அந்தத் துண்டில் பயிர் செய்யும் விவசாயிக்கும் நிலைமை ஏறக்குறைய அதுதான். பாதையில்லை, வாய்க்கால் வருவதில்லை, எலியும் பன்றியும் மட்டும் வருகின்றன. பறவை குடும்பம் நடத்த முடியாத வெளியில் உழவனும் நெடுநாள் குடும்பம் நடத்த முடிவதில்லை என்பதைத் திட்டமிடுவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

வருகிற நவரை நடவுக்கு முன் ஒரு மாலையில், பொழுது சாயும் நேரத்தில், ஏரிக்கரைப் பனைகளின் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். ஒரு பறவை பறந்தால் அது இருக்கிறது என்று பொருள். ஒன்று பொந்திலிருந்து எட்டிப் பார்க்க, மற்றொன்று அலகில் இரையோடு திரும்பி வந்தால், அந்த ஊர் வயலுக்கு நாளைக்கும் காவல் இருக்கிறது என்று பொருள். அந்தப் பனையின் அடியில் கோடரி விழாமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு.